இளையோர் வகுப்பு: பாலியல், திருமணம் பற்றித் தமிழில் பாடப்பொருள் தேவை

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் ஏ.எல். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். பெயர் போடாமல் துண்டு எழுதித் தரச் சொன்னேன். வந்த கேள்விகளுக்குக் கையில் உள்ள எதுவும் போதவில்லை.

கொப்பித்தாளில் நாலாக மடித்து ஒன்று: “பலாத்காரம் செய்யப்பட்ட பெண் கற்பை இழந்தவளா?” போர் நடந்த மண்ணில் இதை மழுப்பவே கூடாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2356ஆம் எண் குற்றத்தைச் செய்தவன் மேல்தான் வைக்கிறது, அதை அப்படியே சொன்னேன். ஆனால் கற்பு என்றால் என்ன என்று அடுத்துக் கேட்டார்கள்.

அங்கிலிக்கன் தாயின் மகன் கருத்தடை பற்றிக் கேட்டான். அங்கிலிக்கன் ஆயர்களின் 1930 லம்பெத் மாநாடு அதைச் சில சூழ்நிலைகளில் அனுமதித்தது, 1968இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் மறுத்தார். சரி, இந்த வேறுபாடு ஏன் என்று விளக்கத் தமிழில் எதுவும் அகப்படவில்லை. ஒருபால் ஈர்ப்பு பற்றியும் துண்டுகள் வந்தன.

பழைய திருமண ஆயத்தக் குறிப்புகள் வெறும் ‘செய்யாதே’ பட்டியல். மறைக்கல்வி நூலின் 2331 முதல் 2400 வரை வாசித்தோம், மொழி பிள்ளைகளுக்கு ஏறவில்லை. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் (ஜான் பால்) உடல், பாலியல், திருமணம் பற்றி ஆற்றிய ‘உடலின் இறையியல்’ உரைகள் (1979–1984) ஆங்கிலச் சுருக்கமாகத்தான் கிடைத்தன. பங்கில் கேட்டால், “இதெல்லாம் இப்ப வேண்டாம்” என்கிறார்கள். பிள்ளைகளோ டிக்டொக்கில் பதில் தேடுகிறார்கள்.

தவக்காலத்துக்குள் வகுப்பைத் தொடர வேண்டும். பதினேழு, பதினெட்டு வயதுக்காரருக்கு இவற்றைப் பயமுறுத்தாமல் விளக்கும் தமிழ்ப் பாடநூலோ கையேடோ உங்களில் யாரிடமாவது இருக்கிறதா?