புதுப்பிப்பு: டட்சன் 120ஒய் கார் டிராஃபிக் ஜாமில் சூடானது சரியாகிவிட்டது

கார் ஏன் சூடாகிறது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஏ12 எஞ்சினை எடுத்துவிட்டு ஏ15 போட்ட என் டட்சன், பினாங்கு ஜெலுத்தோங் ஜாமில் நின்றாலே வெப்பம் காட்டும் முள் சிவப்பைத் தொடும், பினாங்குப் பாலத்தில் ஓடினால் தானாக இறங்கிவிடும்.

“ஓடும்போது இறங்கினால் குறை காற்றில்தான் தம்பி” என்றார் இங்கே பதில் போட்ட பட்டர்வொர்த் அண்ணன். அதுதான் சரி. அவர் சொன்னபடி ஃபேன் சுழலும்போது கிரில் முன்னால் ஒரு தாளைப் பிடித்தேன். ஒட்டிக்கொள்ள வேண்டிய தாள் என் முகத்தில் வந்து அடித்தது! எலக்ட்ரிக் ஃபேனைப் பொருத்தியவர்கள் பிளஸ், மைனஸ் வயரை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். காற்றை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளியிருக்கிறது. வயரைத் திருப்பி, ரேடியேட்டர் முழுவதையும் மூடும்படி அலுமினியத் தகட்டில் ஷ்ரவுடும் (ஃபேனைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் கூடு) அடித்தேன்.

எதிர்பாராத ஒன்று: ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அழுத்தம் நிற்காவிட்டால் வெறும் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதிக்கும், 0.9 பார் அழுத்தத்தை மூடி பிடித்தால் ஏறக்குறைய 118 வரை தாங்கும். இதையும் பாருங்கள், மலிவான சாமான்தான்.

தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றச் சொன்னவர்கள் கோபிக்க வேண்டாம், கழற்றியும் ஜாமில் பயனில்லை. 82 டிகிரியில் திறக்கும் பழையதையே திரும்பப் போட்டுவிட்டேன்.

போன ஞாயிறு மதிய வெயிலில் ஆயர் ஈத்தாமில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை, அண்ணே.