பொதுச்சுவரில் தொல்பழங்கால நிலக்காட்சி: டைனோசரின் காலடியில் எதை வரைவது?

கேள்வி
எங்கள் வட்டாரத்துப் பாறைகளில் கிடைத்த புதைபடிவங்களை அடிப்படையாகக் கொண்டு, பொதுச்சுவர் ஒன்றில் தொல்பழங்கால நிலக்காட்சியை வரையும் பணியை ஏற்றிருக்கிறேன். அப்பாறைகளில் ஜுராசிக் காலமும் அதற்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலமும் உள்ளன. இரு காலத்து டைனோசர்களையும் ஒரே காட்சியில் நிறுத்தலாமா? தரையைப் பசும்புல்லாகத் தீட்டிய முதல் வரைவைக் கண்ட நண்பர் ஒருவர், காரணம் சொல்லாமல் முகம் சுளித்தார்.

மறுமொழி 1
நண்பர் முகம் சுளித்தது நியாயமே. ஜுராசிக் காலத்தில் புல் இருந்ததற்குச் சான்று இல்லை. பெரணிகளும் பனை போன்ற தோற்றமுள்ள சைக்கஸ் இனத் தாவரங்களும் ஊசியிலை மரங்களுமே அந்நிலத்தை நிறைத்திருந்தன. கிரெட்டேசியஸ் இறுதிக்குப் புல்லை முற்றிலும் மறுக்க இயலாது: இந்தியாவில் கிடைத்த டைனோசர் சாணப் புதைபடிவங்களில் புல்லின் நுண்துகள்கள் இருந்ததை 2005-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆயினும் அங்கொரு கொத்து போதும், புல்வெளி வேண்டாம். விலங்கைவிட நிலத்தில்தான் ஓவியர்கள் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

மறுமொழி 2
காலத்தைக் கலப்பது சிறு பிழையன்று. ஜுராசிக் காலத்து டைனோசரான ஸ்டெகோசரசுக்கும் கிரெட்டேசியஸ் இறுதியில் வாழ்ந்த டைரனோசரசுக்கும் இடையே ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகள் உள்ளன. டைரனோசரசுக்கும் நமக்கும் இடையே இருப்பதோ 6.6 கோடிதான். இதற்கு நல்ல வழியொன்றை, யேல் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகத்தில் ருடால்ஃப் சாலிங்கர் 1943 முதல் 1947 வரை வரைந்த 110 அடி நீளச் சுவரோவியம் காட்டுகிறது. அதில் காலம் வலமிருந்து இடமாக நகர, காட்சியின் முன்புறத்தில் நிற்கும் பெருமரங்களே ஒரு காலத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கின்றன. கோடு கிழிக்காமலே எல்லை விளங்கிவிடுகிறது.

மறுமொழி 3
பிழை நேருமோ என்று கை நடுங்கவும் வேண்டாம். லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854-இல் சிற்பி ஹாக்கின்ஸ் அமைத்த இகுவனோடான் என்ற டைனோசரின் சிலையில், மூக்கின்மேல் ஒரு கொம்பு இருக்கிறது; 1878-இல் பெல்ஜியச் சுரங்கமொன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பின்னரே அது கட்டைவிரல் முள் என்பது உறுதியானது. அச்சிலைகளை யாரும் இடித்துவிடவில்லை; இன்று அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, சைனோசாரோப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசரின் வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்ததை இறகுப் படிவங்களின் நிறமித் துகள்களைக் கொண்டு 2010-இல் கணித்தார்கள். இத்தகைய சான்று வெகுசில இனங்களுக்கே உண்டு. மற்றவற்றில் ஓவியரின் ஊகத்துக்கு இடமிருக்கிறது.

கேட்டவர்
மூவருக்கும் நன்றி. புல்லை அழித்துப் பெரணிகளை வைக்கிறேன். இரு காலங்களுக்கும் நடுவே ஓர் ஊசியிலை மரம் நிற்கும். விலங்குகளின் வால்கள் தரையில் இழுபடுவதையும் இப்போதுதான் கவனித்தேன், அவற்றையும் தூக்கிவிடுகிறேன்.