இடைவெளிகள் மேல் உள்ள ஷீஃபை எல்லாத் திறந்த கணங்களுக்கும் நீட்டுதல்: இடது கான் நீட்சியா, வலதா?

கேள்வி:
மெய்யெண் கோட்டின் திறந்த இடைவெளிகள் மட்டும் கொண்ட சைட் (எவை எதை மூடுகின்றன என்று குறித்த கேட்டகரி) ‘ச’. எல்லாத் திறந்த கணங்களும் கொண்ட சைட் ‘ப’. ப-வில் உள்ள ஷீஃபை (துண்டுகளில் ஒத்துப்போகும் தரவுகளை ஒரே விதமாக ஒட்ட இடம் தரும் அமைப்பை) ச-வுக்குச் சுருக்கினால் ஷீஃபாகவே நிற்கிறது. எல்லா இடைவெளிக்கும் முழு எண்களையே தரும் ஷீஃபை ச-விலிருந்து இடது கான் நீட்சியால் (சிறு கேட்டகரியில் உள்ளதைப் பெரியதற்கு நீட்டும் பொது வழிகள் இரண்டில் ஒன்று; மற்றது வலது) ப-வுக்குக் கொண்டுபோனால் ஷீஃப் கிடைப்பதில்லை. ஏன்?

பதில் 1:
இடது நீட்சி, கொடுத்த கணத்தை உள்ளடக்கும் இடைவெளிகள் மேல் கோலிமிட் (மதிப்புகளை ஒட்டிச் சேர்த்தது) எடுக்கிறது. (0, 1) ∪ (2, 3) என்ற கணத்தை உள்ளடக்கும் மிகச் சிறிய இடைவெளி (0, 3). ஆகவே முழு எண்களின் ஒரே ஒரு பிரதி வருகிறது. ஷீஃபுக்கு வேண்டியதோ இரண்டு. ஷீஃபிஃபிகேஷன் (ஷீஃபாக மாற்றும் பொதுச் செயல்) செய்தால் சரியாகிவிடும்.

வலது நீட்சி, கணத்துக்குள் அடங்கும் இடைவெளிகள் மேல் லிமிட் (ஒத்துப்போகும் மதிப்புகளின் தொகுப்பு) எடுக்கிறது. இங்கே அந்த லிமிட் (0, 1)-இலும் (2, 3)-இலும் உள்ள மதிப்புகளின் பெருக்கம்தான். நேரடியாகவே ஷீஃப், வேறு வேலை இல்லை. கையால் கணக்கிட இதையே எடுங்கள்.

இரு வழியும் ஒரே ஷீஃபில் முடிவதற்குக் காரணம் எஸ்ஜிஏ 4-இல் (க்ரோதெண்டீக் குழுவின் இயற்கணித வடிவவியல் கருத்தரங்கு நூலில்) உள்ள ஒப்பீட்டுத் துணைத்தேற்றம். ச முழு உட்கேட்டகரியாக இருக்க வேண்டும், அதன் டோபாலஜி ப-விலிருந்து தூண்டப்பட்டதாக இருக்க வேண்டும், ப-வின் ஒவ்வொரு பொருளையும் ச-வின் பொருள்களால் மூட முடிய வேண்டும். அப்போது சுருக்குதலே ஷீஃப் கேட்டகரிகளின் சமானம்.

பதில் 2:
ஷீஃப் நிபந்தனையை எழுதும்போது பலர் தடுக்கி விழும் இடம், இரு கணங்களின் வெட்டு. தளத்தில் திறந்த வட்டத்தகடுகளை எடுத்தால், இரு தகடுகளின் வெட்டு தகடாக இருக்க வேண்டியதில்லை. அங்கே ஷீஃபுக்கு மதிப்பே கிடையாது. வெட்டுக்குள் அடங்கும் ஒவ்வொரு தகட்டிலும் இரு பிரிவுகளும் (இரு தகடுகளில் ஷீஃப் தரும் மதிப்பிலிருந்து எடுத்த உறுப்புகளும்) ஒத்துப்போக வேண்டும் என்று நிபந்தனையை எழுதுங்கள். பரிமாற்று வளையத்தின் ஸ்பெக்ட்ரத்தில் (அதன் பகா இலட்சியங்களாலான வெளியில்) இந்தச் சிக்கல் எழாது: இரண்டு அடிப்படைத் திறந்த கணங்களின் வெட்டு, அந்த இரு உறுப்புகளின் பெருக்கலுக்குரிய அடிப்படைத் திறந்த கணமே.

பதில் 3:
ஸாரிஸ்கி சைட்டுக்கும் (திறந்த கணங்கள் மட்டும்) எட்டாலே சைட்டுக்கும் (கிளைப்பில்லாத மூடல் போன்றவையும் சேர்ந்தது) ஒப்பீட்டுத் துணைத்தேற்றத்தை அப்படியே பொருத்த வேண்டாம். சிக்கலெண்கள் மேல் பூச்சியம் நீக்கிய கோட்டில், ஓர் எண்ணை அதன் 2-ஆம் அடுக்குக்கு அனுப்பும் இரண்டு தாள் மூடல் ஓர் எட்டாலே பொருள். கோட்டின் திறந்த கணங்களால் அதை மூட முடியாது, ஆகவே பதில் 1-இல் சொன்ன கடைசி நிபந்தனை உடைகிறது. இங்கே சுருக்குதல் நேர்பிம்பம் (எட்டாலே ஷீஃபை ஸாரிஸ்கி சைட்டுக்கு இறக்குவது) மட்டுமே, சமானம் அல்ல. முழு எண்கள் மாடுலோ 2 என்ற மாறிலி ஷீஃபின் முதல் கோஹோமாலஜி (துண்டுகளை ஒட்டுவதில் வரும் தடைகளை அளப்பது) ஸாரிஸ்கியில் பூச்சியம். எட்டாலேயில் 2 உறுப்புகள் கொண்ட குலம். சுருக்கிய பின் கோஹோமாலஜி எடுப்பவர்கள் உயர் நேர்பிம்பங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.