புதுப்பிப்பு: இந்த ஆண்டு எனக்குத் துணைநின்ற பாடல்கள்

வங்கி வேலையை விட்டுத் தாதிமைப் பயிற்சியில் சேர்ந்ததையும், அந்த மாற்றத்தில் எனக்குத் துணைநின்ற பாடல்களையும் ஜூன் மாதப் பதிவில் எழுதியிருந்தேன். பயிற்சியின் முதல் கட்டம் முடிந்துவிட்டது, பட்டியலும் மாறிவிட்டது.

முதலிடத்தில் இருந்த 'மன்னிப்பாயா' (2010) இறங்கி, 'அவதாரம்' (1995) படத்தில் இளையராஜாவும் எஸ். ஜானகியும் பாடிய 'தென்றல் வந்து தீண்டும்போது' அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. கண் தெரியாத பெண்ணுக்கு நிறங்களை உணர்த்தும் பாடல் அது. பார்வை மங்கிய முதியவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டில் சோறு எங்கே, காய்கறி எங்கே என்று சொல்லிக்கொடுக்கும் பணியில் இருப்பதால், அதன் அருமை இப்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

நிகழ்ச்சிகளில், நவம்பரில் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் அரங்கில் நடந்த இந்தியக் கலை விழாவான கலா உத்சவத்தில் கேட்ட கச்சேரியே மனத்தில் நிற்கிறது. மிருதங்கக் கலைஞர் 'தொப்பி' எனப்படும் இடப்பக்கத்தில் ரவைப் பசையை அப்பி, 'வலந்தலை' எனப்படும் வலப்பக்கத்தின் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்ததை அருகிலிருந்து பார்த்தேன். (முன்வரிசையில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.) தாளக் கலைஞர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் இடக்கையின் 'கும்கி' என்ற ஆழ்ந்த ஒலி எழுந்தபோது, இரவுப் பணியின் களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

சிங்கப்பூரில் நல்ல நாதஸ்வரக் கச்சேரியை எங்கே கேட்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்; அடுத்த முறை அம்மாவையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.