அதிரசமும் பெரியப்பாவின் மாத்திரையும்

சித்தி: அதிரச மாவு தயார். பாகு வெல்லத்தில்தான், சீனி இல்லை. இந்தத் தீபாவளிக்குச் சர்க்கரை நோய் உள்ள பெரிய அத்தானும் தாராளமாகச் சாப்பிடலாம்.

பெரியப்பா: நீ நூறாண்டு வாழ்க!

அக்கா: சித்தி, வெல்லத்திலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். கருப்பட்டியும் அப்படியே. சர்க்கரை ஏறுவதில் சீனிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

மாமா: அப்படியானால் முறுக்கு போதும். காரத்தில் சர்க்கரை ஏது?

அக்கா: முறுக்கு அரிசி மாவு, மாமா. உள்ளே போனால் குளுக்கோஸ்தான். உப்பும் எண்ணெயும் தனி. உங்களுக்கு இரத்த அழுத்தம் வேறு இருக்கிறது.

மாமா: பேச்சு மச்சானைப் பற்றி. என்னை ஏன் இழுக்கிறாய்?

பெரியப்பா: நான் கணக்குப் போட்டுவிட்டேன். காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டேன். மாத்திரை ஒன்றுக்கு இரண்டு. பதினொரு மணிக்கு எல்லோரும் வந்ததும் பலகாரத் தட்டு!

பெரியம்மா: போன தீபாவளிக்கும் இதே கணக்குத்தான். உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, ஊஞ்சலில் சாய்ந்துவிட்டார். கேட்டால் வெயிலாம். ஐப்பசி மழையில் என்ன வெயில்!

அக்கா: அது வெயில் இல்லை பெரியம்மா, தாழ்சர்க்கரை, அதாவது இரத்தத்தில் சர்க்கரை ரொம்பக் குறைந்துபோவது. பெரியப்பா, நீங்கள் போடுவது கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது, கணையத்தை இன்சுலின் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் இரண்டு போட்டால் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி மயக்கமே வரலாம். மருத்துவரைக் கேட்காமல் அளவில் கை வைக்காதீர்கள்.

பெரியப்பா: இறங்கினால் ஒரு ஜாங்கிரி. ஏறிவிடாதா?

அக்கா: எண்ணெயில் பொரித்தது, ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துச் சோதித்து, இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடியும் குடிக்க வேண்டும்.

தம்பி: கடையில் சர்க்கரை சேர்க்காத மைசூர்பாகு பார்த்தேன். வாங்கிவரட்டுமா?

அக்கா: நெய்யும் கடலை மாவும் குறையாமல் இருக்குமே. அந்தக் காசுக்குப் பட்டாசு வாங்கு.

பாட்டி: லேகியமாவது உண்டா?

அக்கா: அதிலும் வெல்லம் இருக்கிறது பாட்டி. சுண்டைக்காய் அளவு போதும். பெரியப்பா, காலையில் வழக்கம்போல் இட்லி, வழக்கமான மாத்திரை. மதியம் முதலில் பீன்ஸ் பொரியலும் சுண்டலும், பிறகு சோறு இரண்டு கரண்டி குறைத்து, கடைசியில் பாதி அதிரசம். சாப்பிட்ட கையோடு பிள்ளையார் கோயில் வரை ஒரு நடை. இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 180க்குள் இருந்தால் சாயங்காலம் ஒரு முறுக்குக்கு நான் பொறுப்பு.

பெரியப்பா: பாதி அதிரசமா? அதிரசத்துக்கே அவமானம்.

சித்தி: உங்களுக்கென்று சின்னதாகத் தட்டிவிடுகிறேன் அத்தான். முழுசாகவே சாப்பிடுங்கள்.

பெரியம்மா: சர்க்கரை சோதிக்கிற பட்டை தீர்ந்துவிட்டது. யாராவது வாங்கிவாருங்கள்.

மாமா: நான் வாங்கிவருகிறேன். எதற்கும் எனக்கும் ஒரு தடவை குத்திப் பாருங்கள்.