மறு: மறு: மினிகம்ப்யூட்டருக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

வணக்கம். கணினி வரலாற்றுப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1965-இல் அமெரிக்காவின் டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) நிறுவனம் கொண்டுவந்த பிடிபி-8 போன்றவற்றைச் 'சிறுகணினி' என்று எழுதினால் மாணவர்கள் கைப்பேசியை நினைக்கிறார்கள். படத்தைக் காட்டினால் ஃப்ரிட்ஜ் மாதிரி நிற்கிறது, வகுப்பே சிரிக்கிறது. வேறு நல்ல சொல் உண்டா?

*

குறுங்கணினி. குறுஞ்செய்தி, குறுங்கதை போல நாவில் நிற்கும்.

*

ஐயா, குறுமை நீளத்துக்கு உரியது. கணினி என்ன குட்டையா?

*

குறுநில மன்னர்கள் எல்லாம் குள்ளர்களா? உண்மையில் இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. மெயின்ஃப்ரேம் எனும் பெரிய கணினிகளை விற்ற ஐபிஎம் முடியுடை வேந்தர். மாசச்சூசெட்ஸ் மேனார்டில் பழைய கம்பளி ஆலைக்குள் 1957-இல் குடியேறிய டெக் குறுநில மன்னர். பிடிபி-8ஐ வடிவமைத்த எட்சன் டி காஸ்ட்ரோவே 1968-இல் பிரிந்துபோய் டேட்டா ஜெனரல் என்று தனிக்கொடி ஏற்றிவிட்டார்!

*

சிறுபாணாற்றுப்படையை யாரும் நினைக்கவில்லையே. அங்கே 'சிறு' பாணனின் உயரத்துக்கு வந்ததல்ல, அவன் கையிலிருக்கும் சீறியாழுக்கு வந்தது. பேரியாழ் இருப்பதால்தான் அது சீறியாழ். அந்த வழியில் 'சீறுகணினி' எனலாமே.

*

சீறூர், சீறடி, சீறியாழ் என உயிரோ யகரமோ வந்தால்தான் 'சிறு' நீளும், ககரத்தின் முன் நீளாது. அப்புறம் சீறுகணினி என்றால் பாம்புக்கணினி என்று படிப்பார்கள்.

*

கொஞ்சம் நிறுத்துங்கள். எது சிறியது என்று முதலில் பார்ப்போம். பிடிபி-8 வரும்வரை ஆய்வாளர் நிரலைத் துளையிட்ட அட்டைக்கட்டாகக் கொடுத்துவிட்டு, மெயின்ஃப்ரேம் இருந்த கண்ணாடி அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும். பிடிபி-8 விலை 18,000 டாலர், ஆய்வுக்கூடத்திலேயே வாங்கிப் போடலாம். நினைவகம் 4096 சொல் (இங்கே ஒரு சொல் என்பது 12 பிட், நாம் அடித்துக்கொள்ளும் சொல் இல்லை). ஆய்வாளரே எதிரே உட்கார்ந்து முகப்புப் பலகையின் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டித் தொடக்க நிரலை ஒவ்வொரு சொல்லாக ஏற்றுவார், பிறகு டெலிடைப் என்ற தட்டச்சு இயந்திரத்தில் துளையிட்ட காகித நாடாவை ஓட விடுவார். ஆக, சிறுத்தது விலையும் காவலும். பிடிபி என்ற பெயரிலேயே 'கம்ப்யூட்டர்' கிடையாது, அந்தச் சொல்லைக் கேட்டாலே முதல் போட்டவர்கள் பயந்தார்கள் என்பதால் 'புரோகிராம்டு டேட்டா பிராசசர்'. 'மினி' வந்த கதையாவது பெரிய கதையா? டெக்கின் இங்கிலாந்துக் கிளையிலிருந்து ஜான் லெங் அனுப்பிய விற்பனை அறிக்கையில், மினிஸ்கர்ட் நாட்டில் மினி காரில் சுற்றி விற்கும் மினிகம்ப்யூட்டர் என்று விளையாட்டாக எழுதினாராம். இதற்குப் போய்ச் சங்க இலக்கியமா? மினிகம்ப்யூட்டர் என்றே எழுதுங்கள்.

*

தம்பி, இன்று மினியை உள்ளே விட்டால் நாளை சூப்பர்மினி வரும்.

*

1977-லேயே வந்துவிட்டது ஐயா, டெக்கின் வாக்ஸ்-11/780, 12 அல்ல, 32 பிட். அதற்கு என்ன, பெருஞ்சிறுகணினியா?

*

மீச்சிறுகணினி.

*

மீச்சிறு பொது மடங்கு படித்த பிள்ளைகள் 'இருப்பதிலேயே சிறியது' என்று எடுத்துக்கொள்ளும். பொருள் தலைகீழ்.

*

சரி, இன்றைக்கு வியாழன். பெரும்பாலோர் சொன்னபடி 'சிறுகணினி' என்றே போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் அடைப்புக்குறிக்குள் மினிகம்ப்யூட்டர். படத்துக்குக் கீழே விலையும் அட்டைக்கட்டுக் கதையும் வரும். சூப்பர்மினி அப்படியே இருக்கட்டும். எல்லோருக்கும் நன்றி.

*

பெரும்பாலோர் என்றால் யார்? எண்ணிப் பார்த்தேன், சிறுகணினியை ஆதரித்து ஒருவர்கூட எழுதவில்லை, களைத்துப்போய்ச் சும்மா இருந்தார்கள், அவ்வளவுதான். குறுங்கணினியை நான் விடவில்லை, பதிவில் இருக்கட்டும். அது இருக்க, அதே குறிப்பில் மெயின்ஃப்ரேமுக்குப் 'பெருமுகக் கணினி' என்றிருக்கிறதே, அந்த முகம் எங்கிருந்து வந்தது?