பாடம் நடத்துவது தவிர ஆசிரியரின் கடமைகள் என்னென்ன? வகுப்பறையிலேயே இருந்துகொண்டு உயர வழி உண்டா?

அடியெடுப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகளாக ஓர் ஆய்வகத்தில் பணிபுரிந்து வருகிறேன். உறவினர் பிள்ளைகள் இருவருக்கு மாலை வேளைகளில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, பள்ளி ஆசிரியராகிவிட வேண்டும் என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே போகிறது. கல்வியியல் பட்டம், கற்பித்தல் பயிற்சி, தகுதிச் சான்று ஆகிய அனைத்தையும் முடிக்க இரண்டு ஆண்டுகளாவது பிடிக்கும் என்று கணக்கிட்டிருக்கிறேன். இருக்கும் வேலையை விடுவதற்கு முன்பு, இத்தொழிலில் ஊறியவர்களிடம் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெளிய விரும்புகிறேன்.

பாடம் நடத்துவது தவிர ஆசிரியரின் பொறுப்பில் உண்மையில் என்னென்ன வருகின்றன? பணி அறிவிப்புகளில் "தொடர்புடைய பிற பணிகள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரிக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்ததாக, முன்னேற்றம் என்பது தலைமையாசிரியர் நாற்காலியை நோக்கிய ஒற்றைப் பாதைதானா? எனக்குப் பிடித்திருப்பது கற்பித்தல், நிர்வாகம் அன்று. இருபது ஆண்டுகள் கழித்தும் வகுப்பறையிலேயே இருக்க விரும்புபவருக்கு உயர்வு என்று ஏதேனும் உண்டா, அல்லது தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டியதுதானா?

சுண்ணக்கட்டி எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் 22 ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். நிர்வாகப் பக்கம் போனதில்லை என்பதால், உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018ஆம் ஆண்டில் பல நாடுகளில் நடத்திய டாலிஸ் ஆய்வில், ஆசிரியர்கள் வாரத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 39 மணி நேரம் உழைப்பதாகவும், அதில் ஏறத்தாழ பாதி மட்டுமே வகுப்பில் கற்பிப்பதில் செல்வதாகவும் தெரிவித்தார்கள். எஞ்சிய பாதியில் பாடக்குறிப்பு எழுதுவது, குறிப்பேடுகளையும் விடைத்தாள்களையும் திருத்துவது, வருகைப்பதிவேடும் மதிப்பெண் பதிவேடும் பேணுவது, தேர்வறைக் கண்காணிப்பு, விடுப்பில் இருப்பவரின் வகுப்பை ஏற்பது, பெற்றோர் சந்திப்பு, ஆசிரியர் கூட்டம் ஆகியவை அடங்கும். நீங்கள் கேட்ட அந்த ஒற்றை வரிக்குள் இருப்பவை பெரும்பாலும் இவைதாம்.

இவற்றில் திருத்தும் பணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதைச் சுமையாகவே காண்கிறார்கள். என் அனுபவத்தில் கற்பித்தலின் பாதி அங்கேதான் நடக்கிறது. ஒரு மாணவி, 0.8ஐ விட 0.35 பெரியது என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் தவறு என்று குறித்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருக்கலாம். அவளை அருகில் அழைத்து, எப்படி முடிவு செய்தாய் என்று கேட்டேன். "எட்டை விட முப்பத்தைந்து பெரியதுதானே, ஐயா" என்றாள். புள்ளிக்கு வலப்பக்கம் இருப்பதை அவள் ஒரு முழு எண்ணாகவே படித்துக்கொண்டிருந்தாள். எட்டுக்குப் பின்னால் ஒரு சுழியைச் சேர்த்து 0.80 என்று எழுதச் சொல்லியிருந்தால் விடை சரியாக வந்திருக்கும். ஆனால் முப்பத்தைந்தை விட எண்பது பெரியது என்ற அதே பிழையான எண்ணத்தின் வழியாகத்தான் வந்திருக்கும். அதனால் இரண்டு சதுரங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் பத்துப் பட்டைகளாகவும், ஒவ்வொரு பட்டையையும் பத்துக் கட்டங்களாகவும் பிரிக்கச் சொன்னேன். முதல் சதுரத்தில் எட்டுப் பட்டைகளுக்கு வண்ணமிட்டாள். இரண்டாவதில் மூன்று பட்டைகளை முடித்து, நான்காவது பட்டையில் ஐந்தாவது கட்டத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்திவிட்டு, இரண்டு சதுரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அதன் பிறகு நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. அன்று மாலை மற்றத் தாள்களைப் பார்த்தபோது அதே பிழை இன்னும் ஏழு பேரிடம் இருந்தது; மறுநாள் பாடத்திட்டத்தையே மாற்றிக்கொண்டேன்.

லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியியலாளர் 1986ஆம் ஆண்டில் இத்தகைய அறிவைத் தனியே பெயரிட்டுப் பேசினார். பாடத்தில் உள்ள புலமை ஒன்று, கற்பிக்கும் முறைகளைப் பற்றிய பொது அறிவு ஒன்று. இவற்றோடு நில்லாமல், இந்தப் பாடத்தின் இந்தப் பகுதியில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், அவர்களுக்கு எந்தப் படம், எந்த எடுத்துக்காட்டு கைகொடுக்கும் என்று அறிந்திருப்பது வேறோர் அறிவு. உங்கள் முதுகலைப் பட்டம் உங்களுக்குத் தந்திராதது இதுதான். ஆகவே பயிற்சி நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வழிகாட்டி ஆசிரியரின் கண்ணெதிரே நீங்கள் பள்ளியில் கற்பிக்கப்போகும் வாரங்கள் எத்தனை என்பதை முதலில் கேளுங்கள். கட்டடத்தையும் நூலகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேசைவிளக்கு எழுதியது:

சுண்ணக்கட்டி ஐயா விட்டுவிட்ட ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பாசிரியர் பொறுப்பு உங்களுக்கு வந்தே தீரும். பள்ளி நேரத்தில் ஆசிரியர் பெற்றோரின் இடத்தில் நிற்கிறார் என்பது பல நாடுகளின் சட்டங்களில் வேரூன்றிய கருத்து. ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தப்படுவதாக ஐயம் எழுந்தால், அதை உரியவர்களிடம் தெரிவிப்பது பல நாடுகளில் ஆசிரியரின் சட்டக் கடமையாகும். அதற்கு ஐயமே போதும். சான்று தேடி விசாரிப்பது நம் வேலை அன்று. "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, அன்றே, தேதியிட்டு எழுதி வையுங்கள். பயிற்சிக் காலத்தில் இதை ஒரு மணி நேர உரையோடு முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

இனி இரண்டாவது கேள்வி. நான் ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்துவிட்டு, விரும்பியே மீண்டும் வகுப்பறைக்குத் திரும்பியவள். வழக்கமான பாதை நீங்கள் நினைப்பதுதான்: தகுதிகாண் பருவம், பணி உறுதி, பாடத்துறைத் தலைவர், துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர், அதன் பிறகு ஆய்வாளர் அல்லது கல்வி அலுவலர். இதில் ஒவ்வொரு படியும் உங்கள் பாடவேளைகளில் சிலவற்றைக் குறைத்துவிடும். துறைத் தலைவர் பொறுப்பு வரை கற்பித்தலே முதன்மையாக இருக்கும். அதற்கு மேலே போனால் ஆசிரியர் நியமனம், கால அட்டவணை, நிதி, கட்டடப் பராமரிப்பு, புகார்கள் ஆகியவற்றிலேயே நாள் முடிந்துவிடும். வாரத்துக்கு நான்கு பாடவேளைகளை எனக்கென்று பிடிவாதமாக வைத்திருந்தேன். அவற்றிலும் பாதியில் யாராவது கதவருகே வந்து நிற்பார்கள், பிள்ளைகள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், பாடம் அறுந்துவிடும். தலைமைப் பணியை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. நல்ல தலைமையாசிரியர் ஒருவர் முப்பது ஆசிரியர்களுக்கு நிம்மதியாகக் கற்பிக்கும் சூழலை அமைத்துத் தருகிறார். ஆனால் அது வேறொரு தொழில், அதற்கு வேறு ஆர்வம் வேண்டும்.

மற்றொரு பாதையும் உண்டு. சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டில் ஆசிரியர்களுக்கு மூன்று தடங்களை வகுத்தார்கள். ஒன்று கற்பித்தல் தடம், ஒன்று தலைமைத் தடம், ஒன்று பாடத்திட்டம், ஆய்வு போன்றவற்றுக்கான வல்லுநர் தடம். கற்பித்தல் தடத்தில் மூத்த ஆசிரியர், முதன்மை ஆசிரியர் எனப் படிப்படியாக உயர்பவர்கள் தாமும் கற்பித்து, மற்ற ஆசிரியர்களையும் வளர்க்கிறார்கள். வேறு சில இடங்களிலும் வழிகாட்டி ஆசிரியர், பயிற்றுநர், வினாத்தாள் அமைப்பாளர், பாடநூல் குழு உறுப்பினர் என்ற பொறுப்புகள் வகுப்பை விடாமலே கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பலவற்றுக்குப் பெயர் மட்டும் உயர்கிறது, ஊதியம் உயர்வதில்லை. ஆகவே நீங்கள் சேரவிருக்கும் கல்வித்துறையின் ஊதிய அட்டவணையை வாங்கிப் பாருங்கள். வகுப்பில் கற்பிப்பவருக்கான ஊதியம் எத்தனையாவது ஆண்டில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடுகிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். உங்கள் கேள்விக்கான நேர்மையான விடை அந்த ஒரு வரியில் இருக்கும்.

முதல்மணி எழுதியது:

நான் சென்ற ஆண்டுதான் தகுதிச் சான்று பெற்றுப் பணியில் சேர்ந்தேன். அனுபவத்தில் மேலே எழுதியவர்களுக்குப் பக்கத்தில் நிற்க முடியாது என்றாலும், முதலாண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. வழிகாட்டியாக வந்த அம்மா என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து ஒரு தாளில் ஏதோ எண்களைக் குறித்துக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்ததும் அதைக் காட்டினார். நான் கேள்வி கேட்ட பிறகு, விடைக்காக எத்தனை நொடி காத்திருந்தேன் என்ற கணக்கு அது. பெரும்பாலும் ஒன்று, ஓரிடத்தில் இரண்டு. விடை வராத இடங்களில் எல்லாம் நானே விடையைச் சொல்லிவிட்டிருந்தேன்.

மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வியாளர் 1970களிலேயே இதை அளந்திருக்கிறார் என்பதை அந்த வழிகாட்டி அம்மா சொல்லித்தான் அறிந்தேன். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று நொடி அல்லது அதற்கு மேல் நீட்டித்தால் மாணவர்களின் விடைகள் நீளுகின்றன, வாய் திறக்காமல் இருப்பவர்கள் குறைகிறார்கள். மூன்று நொடி அமைதி வகுப்பின் முன் நிற்பவருக்கு எவ்வளவு நீளமானது என்பதை நின்று பார்த்தால்தான் புரியும். இரண்டு மாதங்கள் மனத்துக்குள் எண்ணிப் பழகினேன்.

இன்னொன்று. பாடக்குறிப்பு, திருத்தம் என்று இங்கே எழுதியிருப்பதைப் படித்தால் அவை ஒரே சீராக வரும் என்று தோன்றலாம். முதலாண்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு பாடமும் உங்களுக்குப் புதிது. 40 நிமிட வகுப்புக்கு இரண்டு மணி நேரம் அணியமாக வேண்டியிருக்கிறது. முதலாண்டில் பாடவேளைகளைக் குறைத்துத் தரும் பள்ளி கிடைத்தால், சற்றுக் குறைந்த ஊதியமானாலும் அங்கே சேருங்கள் என்பது என் கருத்து.

அடியெடுப்பு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த மாணவி பென்சிலை நிறுத்திய இடத்தைப் பலமுறை படித்தேன். இன்னும் ஓர் ஐயம்: தகுதிச் சான்றை ஒருமுறை பெற்றுவிட்டால் அது வாழ்நாள் முழுவதற்கும் போதுமா? என் முதுகலைப் பட்டத்தைக் கொண்டு கணிதமும் கற்பிக்க அனுமதிப்பார்களா?

மேசைவிளக்கு எழுதியது:

இரண்டுக்கும் இடத்துக்கு இடம் விதி மாறும். சில இடங்களில் சான்று வாழ்நாளுக்குச் செல்லும்; சில இடங்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை, பணியிடைப் பயிற்சி மணிநேரங்களைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மேலும் பல இடங்களில் சான்று ஒரு பாடத்துக்கும் ஒரு வகுப்பு நிலைக்கும் மட்டுமே உரியது. உயர்நிலை இயற்பியலுக்குச் சான்று பெற்றவர், தொடக்க வகுப்புகளுக்குப் போக வேண்டுமானால் தனித்தகுதி கேட்பார்கள். பட்டப்படிப்பில் கணிதத்தாள்கள் எத்தனை எழுதியிருக்கிறீர்கள் என்பதை வைத்து இரண்டாம் பாடத்துக்கு அனுமதி தரும் இடங்களும் உண்டு. ஆகவே கல்வியியல் பட்டத்துக்குக் கட்டணம் செலுத்தும் முன், உங்கள் மதிப்பெண் பட்டியல்களை எடுத்துக்கொண்டு சான்று வழங்கும் அலுவலகத்துக்கு நேரில் போய், எந்தெந்தப் பாடத்துக்கு, எந்தெந்த வகுப்பு வரை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடியெடுப்பு எழுதியது:

அப்படியே செய்கிறேன், அம்மா. அடுத்த மாதம் இரண்டு வாரம் விடுப்பு எடுத்திருக்கிறேன். தெரிந்த பள்ளி ஒன்றில் இயற்பியல் வகுப்புகளின் கடைசி வரிசையில் அமர்ந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஆசிரியர் அறையில் திருத்தம் நடக்கும் நேரத்திலும் உடன் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்த்ததை இங்கே வந்து எழுதுகிறேன்.